கரீபியன் கடற்கரை விடுதிகளில் தங்குவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பார்படோஸ், செயின்ட் லூசியா, ஜமைக்கா, டொமினிக்கன் குடியரசு ஆகிய இடங்களில் கடற்கரை விடுதிகளிலும் ரிசார்ட்டுகளிலும் தங்கிவிட்டு வந்ததிலிருந்து, உறவினர்களும் நண்பர்களும் அவர்களுக்குத் தெரிந்தவர்களும் என்னிடம் கேட்கும் ஐயங்கள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றை அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். பெரும்பாலானோர் விடுதியின் நட்சத்திரங்களை எண்ணுவதில்தான் நேரம் செலவிடுகிறார்கள். எந்தத் தீவு, அந்தத் தீவில் எந்தக் கரை, எந்த மாதம் என்பவையே தங்கும் அனுபவத்தைத் தீர்மானிக்கின்றன என்பது என் உறுதியான கருத்து. பதில்கள் பலவும் அங்கேதான் வந்து நிற்கும்.

கரீபியன் என்பது ஒரே நாடா? எந்தத் தீவு நல்லது?

ஒரே நாடு அல்ல. தனி நாடுகளும் பிரிட்டன், பிரான்ஸ், நெதர்லாந்து, அமெரிக்கா ஆகியவற்றின் ஆளுகைக்கு உட்பட்ட பகுதிகளும் கலந்து கிடக்கும் தீவுக்கூட்டம் அது. மொழி, பணம், விசா விதி, மின்சாரம் எல்லாம் தீவுக்குத் தீவு மாறும். ஆகவே ‘கரீபியன் போகிறேன்’ என்று முடிவெடுத்தால் பாதி முடிவுதான் எடுத்திருக்கிறீர்கள்.

பார்படோஸ் பெரும்பாலும் பவளச் சுண்ணாம்புக்கல்லால் ஆன தாழ்ந்த தீவு. மணல் வெண்மையாகவும் சில இடங்களில் இளஞ்சிவப்புச் சாயலுடனும் இருக்கும். செயின்ட் லூசியா எரிமலைத் தீவு. மலையும் காடும் கடலை ஒட்டி இறங்குகின்றன, மணலும் பல கரைகளில் கருமை கலந்தே இருக்கும். அங்கே 798 மீட்டர் உயரமுள்ள குரோ பித்தோன், 743 மீட்டர் உயரமுள்ள பெத்தி பித்தோன் என்ற இரண்டு கூர்மலைகள் கடலோரத்தில் நிமிர்ந்து நிற்கின்றன. அந்தப் பகுதியை யுனெஸ்கோ 2004இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. டொமினிக்கன் குடியரசின் புன்ட்டா கானா, நூற்றுக்கணக்கான அறைகள் கொண்ட பெரிய ரிசார்ட்டுகள் வரிசையாக நிற்கும் நீண்ட மணற்கரை. நீச்சலும் ஓய்வும் வேண்டுமா, மலையும் காட்சியும் வேண்டுமா, விடுதியை விட்டு நகராத விடுமுறை வேண்டுமா என்று முதலில் வீட்டில் பேசி முடிவுசெய்யுங்கள்.

ஒரே தீவில் ஒரு பக்கம் அலை ஆளைத் தூக்குகிறது, மறுபக்கம் குளம் போல இருக்கிறது என்கிறார்களே, உண்மையா?

உண்மை. இங்கே வியாபாரக் காற்று ஆண்டு முழுவதும் வடகிழக்கு, கிழக்குத் திசைகளிலிருந்து வீசுகிறது. கிழக்கு சிறு தீவுகளில், கிழக்குக் கரை அட்லாண்டிக் பெருங்கடலை நேருக்கு நேர் சந்திக்கிறது. மேற்குக் கரையோ தீவின் மறைவில் கரீபியன் கடலை நோக்கி அமைதியாகக் கிடக்கிறது. பார்படோஸின் கிழக்குக் கரையிலுள்ள பாத்ஷீபாவில் அலைச்சறுக்கு வீரர்கள் கூடுவார்கள். அங்கே நீந்துவது ஆபத்து. அதே தீவின் மேற்கில் ஹோல்டவுன் பகுதியில், அதிகாலையில் கழுத்தளவு நீரில் நின்றால் உங்கள் கால்விரல்கள் தெளிவாகத் தெரியும்.

விடுதியின் படங்களில் இரண்டு கரைகளும் ஒரே நீலமாகத்தான் இருக்கும். முன்பதிவு செய்யும் முன் வரைபடத்தைத் திறந்து, விடுதி எந்தத் திசையைப் பார்க்கிறது என்று பாருங்கள். குழந்தைகள் இருந்தால் மேற்குக் கரையைத் தேர்ந்தெடுங்கள். சூரியன் கடலில் மறைவதைக் காணவும் அதுவே இடம்.

எந்த மாதம் போகலாம்? வெயில் தாங்குமா?

சென்னையும் பார்படோஸின் தலைநகர் பிரிட்ஜ்டவுனும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில், வடக்கே 13 பாகையில் இருக்கின்றன. ஆகவே வெயில் நமக்குப் பழக்கமானதே. ஆனால் கடற்காற்று ஓயாமல் வீசுவதால் சென்னை மே மாதத்தின் புழுக்கம் இராது; பகலில் பெரும்பாலும் 30 பாகை செல்சியஸை ஒட்டியே இருக்கும். காற்று குளிர்ச்சியாக இருப்பதால் தோல் கருகுவது தெரியாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

டிசம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் நடுவு வரை மழை குறைவு, கட்டணம் அதிகம். புயல் பருவம் அதிகாரபூர்வமாக ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. ஆகஸ்ட் நடுவிலிருந்து அக்டோபர் நடுவு வரை அதன் உச்சம். மே மாதமும் ஜூன் தொடக்கமும் விலைக்கும் வானிலைக்கும் இடையே நல்ல சமரசம். தென்கோடியில் வெனிசுவேலாவை ஒட்டியிருக்கும் அருபா, பொனேர், குராசோ ஆகிய தீவுகளைப் புயல் தாக்குவது அரிது. ஆகஸ்டில்தான் விடுப்பு கிடைக்கும் என்பவர்கள் அவற்றைப் பார்க்கலாம்.

கடற்கரையில் பழுப்பாக ஏதோ குவிந்து நாறுகிறது என்று படித்தேன். அது என்ன?

அது சர்காசம் என்னும் மிதக்கும் கடற்பாசி. 2011 முதல் வெப்ப மண்டல அட்லாண்டிக்கில் பெருமளவில் பெருகி, நீரோட்டத்தோடும் காற்றோடும் கரீபியன் கரைகளுக்கு வந்து சேர்கிறது. கடலில் மிதக்கும்போது மீன்குஞ்சுகளுக்கும் ஆமைக்குஞ்சுகளுக்கும் அதுவே அடைக்கலம். கரையேறி அழுகும்போது ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு வெளிப்பட்டு அழுகிய முட்டை நாற்றம் வீசும்; ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இது வெறும் நாற்றமாக முடியாது, மூச்சுத்திணறலும் வரலாம்.

வசந்த காலத்தில் தொடங்கிக் கோடை முழுவதும் வரத்து அதிகம். புன்ட்டா கானாவில் விடியற்காலையில் எழுந்து கரைக்குப் போனால், விருந்தினர் வருவதற்குள் மணலைச் சுத்தமாக்கிவிட வேண்டும் என்று முள்கரண்டி போன்ற நீண்ட கருவிகளோடு ஆட்கள் வரிசையாக நின்று பாசியை வாரி, இழுவை வண்டியில் ஏற்றிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். ஈரப் பாசியின் கனம் அவர்கள் முதுகு வளைவதில் தெரியும். காலை உணவு முடிந்து நாம் வரும்போது கரை வெறுமையாக இருக்கும்; மதியத்திற்குள் அடுத்த திரள் வந்துவிடும்.

இதற்கும் மேலே சொன்ன திசைக் கணக்கே பொருந்தும். கிழக்கு நோக்கிய கரைகளே அதிகம் பாதிக்கப்படுகின்றன. டொமினிக்கன் குடியரசிலேயே தென்கிழக்கில் பயாஹிபே பக்கமும், ஜமைக்காவின் மேற்கு முனையில் நெக்ரிலும் இந்தத் தொல்லை பெரும்பாலும் குறைவு. விடுதிக்கு எழுதிக் கேட்டால் ‘எங்களிடம் இல்லை’ என்றே பதில் வரும். கடந்த வாரம் தங்கியவர்கள் போட்ட படங்களைத் தேடிப் பாருங்கள்.

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு விசா வேண்டாமாமே?

பார்படோஸ், ஜமைக்கா, டிரினிடாட் முதலிய நாடுகளுக்குச் சுற்றுலாவாகச் செல்லும் இந்தியருக்கு முன்கூட்டிய விசா தேவைப்படாத நிலை நெடுநாளாக உள்ளது. டொமினிக்கன் குடியரசு அப்படியல்ல. ஆனால் செல்லுபடியாகும் அமெரிக்க, கனடா, பிரிட்டன் அல்லது ஷெங்கன் விசா இருந்தால் அதைக்கொண்டு நுழையலாம். விதிகள் மாறக்கூடியவை, பயணச்சீட்டு எடுக்கும் வாரத்தில் அந்தந்த நாட்டின் அரசுத் தளத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

சிக்கல் வழியில்தான். இந்தியாவிலிருந்து நேரடி விமானம் இல்லை. அமெரிக்கா வழியாகச் சென்றால் விமானம் மாறுவதற்கு மட்டுமே இறங்கினாலும் அமெரிக்க விசா வேண்டும். லண்டன் வழி என்றால், ஹீத்ரோவில் இறங்கி கேட்விக்கில் ஏறும்படி சீட்டு அமைந்துவிட்டால் பிரிட்டன் எல்லைக்குள் நுழைந்தே ஆக வேண்டும். அதற்கான விசா இல்லாமல் சென்னையிலேயே ஏற்ற மாட்டார்கள்.

எல்லாம் அடங்கிய கட்டணம் என்கிறார்களே, உண்மையிலேயே எல்லாமே அடக்கமா?

இந்த முறைக்கு ஊற்று ஐரோப்பா. 1950இல் ஸ்பெயினின் மயோர்க்கா தீவில் கிளப் மெட் என்ற விடுமுறை நிறுவனம் இதைத் தொடங்கியது. ஜமைக்காவில் வேரூன்றிப் பெரிதாக வளர்ந்தது. கார்டன் ‘புட்ச்’ ஸ்டூவர்ட் 1981இல் மான்டிகோ பேயில் தொடங்கிய சேண்டல்ஸ் ரிசார்ட் அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. உள்ளே நுழைந்ததும் கையில் ஒரு பட்டை கட்டுவார்கள். அதன் பிறகு உணவு, பானம், மோட்டார் இல்லாத நீர் விளையாட்டுகள் ஆகியவற்றுக்குக் காசு எடுக்கத் தேவையில்லை.

அடங்காதவை பொதுவாக இவை: மசாஜ், மோட்டார் படகு, வெளியூர்ச் சுற்றுலா, உயர்ரக மது, சில தனி உணவகங்கள். பஃபே தவிர்த்த உணவகங்களில் முன்பதிவு தேவைப்படும். நல்ல நேரங்கள் வந்து சேர்ந்த அன்றே தீர்ந்துவிடும் என்பதால் செக்-இன் முடிந்ததும் உணவக முன்பதிவு மேசைக்குச் செல்லுங்கள். மது அருந்தாத, வெளியே சுற்ற விரும்பும் குடும்பத்துக்கு இந்தக் கட்டணம் பெரும்பாலும் நட்டமே. காலை உணவு மட்டும் தரும் சிறு விடுதி அவர்களுக்குப் போதும். இரண்டு சிறு குழந்தைகளோடு வருபவர்களுக்கோ, மணிக்கொரு தரம் பழச்சாறும் உருளைக்கிழங்கு வறுவலும் கணக்குப் பார்க்காமல் கிடைப்பது பெரிய நிம்மதி.

இணையத்தில் பார்த்த விலைக்கும் கடைசியில் கட்டியதற்கும் ஏன் இவ்வளவு வித்தியாசம்?

வரியும் சேவைக் கட்டணமும் பல இடங்களில் தனியே சேரும். பார்படோஸில் மதிப்புக் கூட்டு வரியின் பொது விகிதம் 17.5 சதவீதம், உணவக ரசீதில் 10 சதவீதச் சேவைக் கட்டணமும் பெரும்பாலும் இருக்கும். சேவைக் கட்டணம் ரசீதில் இருந்தால் டிப்ஸ் தனியே தரத் தேவையில்லை, மனமிருந்தால் தரலாம். சில ரிசார்ட்டுகளில் பணியாளர்கள் டிப்ஸ் வாங்கக் கூடாது என்ற விதியே உண்டு.

இன்னொன்று, எந்த டாலர் என்பது. பார்படோஸ் டாலர் 1975 முதல் ஓர் அமெரிக்க டாலருக்கு இரண்டு என்று நிலைநிறுத்தப்பட்டுள்ளது. செயின்ட் லூசியா, கிரெனடா, அன்டிகுவா முதலிய இடங்களில் புழங்கும் கிழக்குக் கரீபியன் டாலர் 1976 முதல் 2.70. டாக்சிக்காரர் ‘எண்பது’ என்றால், ஏறும் முன் எந்த எண்பது என்று கேளுங்கள்; அங்கே அது மிகச் சாதாரணமான கேள்வி, யாரும் தவறாக நினைப்பதில்லை.

‘ஓஷன் வியூ’ அறை எடுத்தேன், கழுத்தை வளைத்தால்தான் கடல் தெரிந்தது. இது ஏமாற்று இல்லையா?

அந்தச் சொல்லுக்கு ‘எங்கிருந்தோ கடல் தெரியும்’ என்ற அளவுதான் பொருள். ‘ஓஷன் ஃப்ரண்ட்’ என்றால்தான் அறை கடலை நேராகப் பார்க்கும். ‘பார்ஷியல்’ என்று இருந்தால் இரண்டு கட்டடங்களுக்கு இடையே ஒரு நீலத் துண்டு. பகல் முழுவதும் மணலில்தான் இருப்பீர்கள் என்றால் தோட்டத்தைப் பார்க்கும் அறையே போதும். மிச்சமாகும் பணத்தில் இன்னோர் இரவு தங்கலாம்.

நாங்கள் சைவம். பட்டினி கிடக்க வேண்டியிருக்குமா?

வேண்டியதில்லை, ஆனால் கேட்டுச் சாப்பிட வேண்டும். கீரை, அவரை வகைகளில்கூட உப்பிட்ட மீனோ இறைச்சித் துண்டோ மணத்துக்காகச் சேர்ப்பது வழக்கம். ஜமைக்காவின் கல்லலூ நம் தண்டுக்கீரைக்கு நெருங்கிய உறவு. டிரினிடாடில் அதே பெயரில் சேம்பு இலையைத் தேங்காய்ப்பாலும் வெண்டைக்காயும் சேர்த்துக் கடைவார்கள், அதில் நண்டும் விழலாம். ‘மீன், இறைச்சி, கோழிச்சாறு எதுவும் வேண்டாம்’ என்று மூன்றையும் தனித்தனியே சொல்லுங்கள். ‘வெஜிடேரியன்’ என்ற ஒற்றைச் சொல் போதாது. ஜமைக்காவில் ரஸ்தஃபாரி என்னும் சமய இயக்கத்தினரின் ‘ஐட்டல்’ சமையல் பெரும்பாலும் முழுச் சைவம். உப்புக் குறைவாக இருக்கும், வயிற்றுக்கு இதம்.

சுட்ட ஈரப்பலாவை (பிரெட்ஃப்ரூட்) தவறவிடாதீர்கள். அடிமைகளுக்கு மலிவான உணவாக இருக்கும் என்று கேப்டன் பிளை 1793இல் பசிபிக்கிலிருந்து கப்பலில் கொண்டுவந்த மரம் அது. இன்று வீட்டுக்கு வீடு நிற்கிறது. தணலில் தோல் கரியும்வரை சுட்டு, கரியைச் சீவி எடுத்தால் உள்ளே மஞ்சள் வெண்மையில் ஆவி பறக்கும். வெண்ணெய் தடவித் தருவார்கள். டிரினிடாட் பக்கம் போனால் கொண்டைக்கடலைக் குழம்பை பாரா எனப்படும் இரண்டு மென்மையான பொரித்த ரொட்டிகளுக்கு நடுவே வைத்துத் தரும் ‘டபுள்ஸ்’ காலை உணவாகவே போதும்.

அந்தப் பக்கம் தமிழர்கள் யாராவது இருக்கிறார்களா?

தமிழ் வழி வந்தவர்கள் இருக்கிறார்கள். அடிமை முறை ஒழிந்த பின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக இந்தியர்கள் கொண்டுசெல்லப்பட்டார்கள். டிரினிடாடுக்கு 1845 முதல் சென்றவர்களில் பெரும்பாலோர் கல்கத்தாவில் கப்பலேறியவர்கள். சென்னையில் ஏறியவர்களும் உண்டு. பிரெஞ்சுத் தீவுகளான மார்ட்டினிக்குக்கு 1853 முதலும் குவாதலூப்புக்கு 1854 முதலும் புதுச்சேரி, காரைக்கால் வழியாகத் தமிழர்கள் பலர் சென்றார்கள். மொழி பெரும்பாலும் மறைந்துவிட்டது, வழிபாடு நிற்கிறது. குவாதலூப்பில் கப்பெஸ்டேர் பெல் ஓ ஊருக்கு அருகே ஷாங்ஜி கோயில் கோபுரச் சிற்பங்களோடு நம் ஊர்க் கோயிலாகவே நிற்கிறது. ‘கொலம்போ’ என்ற பெயரில் அங்கே எல்லா உணவகங்களிலும் கிடைக்கும் மசாலாக் குழம்பு இந்த மக்கள் தந்த கொடை. அந்தத் தீவுகளில் கடற்கரை விடுதியில் தங்குபவர்கள் ஒரு பகலை இதற்கென ஒதுக்காமல் திரும்பக் கூடாது.

எழுபது வயதுக்கு மேற்பட்ட அம்மாவை அழைத்துப் போகலாமா?

தாராளமாக. தீவுத் தேர்வில் மட்டும் கவனம் வேண்டும். செயின்ட் லூசியாவின் அழகான விடுதிகள் பல மலைச்சரிவில் அடுக்கடுக்காகக் கட்டப்பட்டவை. அறையிலிருந்து மணலுக்கு இறங்கப் படிகளே வழி, அல்லது விடுதி வண்டிக்குக் காத்திருக்க வேண்டும். மேலும் நீண்டதூர விமானங்கள் இறங்கும் ஹெவனோரா விமான நிலையம் தீவின் தெற்கு முனையில் இருக்கிறது. விடுதிகள் நிறைந்த ராட்னி பே வடக்கு முனையில். நடுவே வளைந்து வளைந்து செல்லும் மலைச்சாலையில் ஒன்றரை மணி நேரம் ஆகும். அம்மாவுக்குப் பார்படோஸின் மேற்குக் கரையே என் தேர்வு: தரை சமம், கடல் அமைதி, குழாய் நீரும் குடிக்கத் தக்கது.

கடற்கரை விடுதிக்குத்தான் சொந்தமா? விற்பவர்கள் வந்து தொந்தரவு செய்வார்களா?

பார்படோஸிலும் அன்டிகுவாவிலும் எல்லாக் கடற்கரைகளும் பொதுமக்களுடையவை. விடுதியின் சாய்வு நாற்காலி விடுதியுடையது. அதற்கு முன்னால் இருக்கும் மணல் எல்லாருக்கும் உரியது. ஜமைக்காவில் நிலைமை வேறு. 1956ஆம் ஆண்டின் கடற்கரைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி கரையில் பொதுமக்களுக்குப் பொதுவான உரிமை கிடையாது. உரிமம் பெற்ற விடுதிகள் வேலியிடுகின்றன. தங்கள் கடலில் இறங்கத் தங்களுக்கு வழியில்லை என்று அந்நாட்டு மக்கள் போராடிவருகிறார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

விற்பவர்கள் வருவார்கள்: மணி மாலை, சோற்றுக்கற்றாழை, தலைப்பின்னல், படகுச் சவாரி. வேண்டாமென்றால் முகத்தைத் திருப்பாமல் ‘வேண்டாம், நன்றி’ என்று சொல்லுங்கள். பெரும்பாலும் அத்தோடு முடியும். கடைக்குள் போனாலும் பேருந்தில் ஏறினாலும் முதலில் ‘குட் மார்னிங்’ சொல்லிவிட்டுத்தான் எதையும் கேட்க வேண்டும் என்பது இந்தத் தீவுகளின் மரியாதை. அதைச் செய்பவருக்குக் கிடைக்கும் முகமலர்ச்சியே வேறு.

விடுதியை விட்டு வெளியே போகலாமா, பயமில்லையா?

ஊர் தெரிந்து போகலாம். ஜமைக்காவில் சில நகரப் பகுதிகளைத் தவிர்க்க வேண்டும். விடுதி சொல்லும் உரிமம் பெற்ற டாக்சியே பாதுகாப்பு. பார்படோஸில் நான் தயங்காமல் பேருந்தைச் சொல்வேன்: நீல அரசுப் பேருந்து, மஞ்சள் சிற்றுந்து, பாட்டு அதிரும் வெள்ளை வேன் எதில் ஏறினாலும் ஒரே கட்டணம்தான். வெள்ளிக்கிழமை இரவு ஆய்ஸ்டின்ஸ் மீன் சந்தைக்குப் போங்கள். செயின்ட் லூசியாவில் அதே இரவு குரோ இஸ்லே தெருவிழா. உள்ளூர்க் குடும்பங்களும் பயணிகளும் ஒரே பலகையில் உட்கார்ந்து சாப்பிடும் இடங்கள் அவை.

இன்னொரு காரணமும் இருக்கிறது. எல்லாம் அடங்கிய விடுதிக்கு வெளிநாட்டில் கட்டிய பணத்தில் பெரும்பங்கு தீவுக்கு வருவதே இல்லை. வாயிலுக்கு வெளியே உணவகம் நடத்துபவருக்கு, நீங்கள் வெளியே வந்தால்தான் வருமானம்.

கடற்கரையில் கவனிக்க வேண்டிய ஆபத்துகள் எவை?

மஞ்சினீல் மரத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். மணலோரத்தில் நல்ல நிழலோடு நிற்கும். சிறு பச்சை ஆப்பிள் போன்ற பழங்கள் கீழே உதிர்ந்து கிடக்கும். பழமும் பாலும் கடும் நஞ்சு. மழைக்கு அதன் அடியில் ஒதுங்கினால், இலையில் பட்டுச் சொட்டும் நீரே தோலைக் கொப்பளிக்கச் செய்யும். பல கரைகளில் அடிமரத்தைச் சுற்றிச் சிவப்புப் பட்டை தீட்டியிருப்பார்கள், அல்லது பலகை வைத்திருப்பார்கள். எல்லா மரத்திலும் இருக்கும் என்று நம்ப முடியாது. குழந்தைகளிடம் விழுந்த பழம் எதையும் தொடக் கூடாது என்று முதல் நாளே சொல்லுங்கள்.

அந்தி நேரத்தில் கண்ணுக்குத் தெரியாத மணல் ஈக்கள் கணுக்காலைக் கடிக்கும். டெங்கு உள்ள பகுதி என்பதால் கொசு விரட்டியும் அவசியம். இரவில் தோட்டத்திலிருந்து விசில் போன்ற ஒலி விடிய விடியக் கேட்டால் பயப்பட வேண்டாம்: விரல்நுனி அளவே உள்ள மரத்தவளைகள்.

உடை, பிளக் போன்றவற்றில் ஏதாவது விதி உண்டா?

இராணுவப் பச்சைப் புள்ளி உடை பார்படோஸ், ஜமைக்கா, செயின்ட் லூசியா உள்ளிட்ட பல நாடுகளில் பொதுமக்களுக்குச் சட்டப்படி தடை. குழந்தையின் தொப்பியானாலும் வீட்டிலேயே வைத்துவிடுங்கள். நீச்சலுடையோடு ஊருக்குள் நடப்பது அநாகரிகம். இரவு உணவகங்கள் சிலவற்றில் ஆண்களுக்கு நீளக் கால்சட்டை கட்டாயம். பார்படோஸ், ஜமைக்கா, டொமினிக்கன் குடியரசில் அமெரிக்கத் தட்டைப் பிளக், ஏறக்குறைய 110 வோல்ட். செயின்ட் லூசியாவில் பிரிட்டன் பாணிப் பிளக், 240 வோல்ட். ஃபோன் சார்ஜர் போன்றவற்றுக்குப் பொது அடாப்டர் ஒன்று போதும்; ஆனால் அது வோல்ட்டை மாற்றாது.

வந்த மறுநாள் காலை ‘இலவச விருந்து, அறிமுகக் கூட்டம்’ என்று அழைக்கிறார்கள். போகலாமா?

டொமினிக்கன் குடியரசின் பெரிய ரிசார்ட்டுகளில் இது மிகுதி. பெரும்பாலும் டைம்ஷேர் (ஆண்டுதோறும் சில நாட்கள் தங்கும் உரிமை) அல்லது உறுப்பினர் திட்டம் விற்கும் கூட்டம். ஒரு மணி நேரம் என்று சொல்லி அரை நாளை விழுங்கிவிடும். அன்றே கையெழுத்திட்டால்தான் இந்த விலை என்று நெருக்குவார்கள். பரிசு எதுவானாலும் மறுத்துவிடுங்கள்.

தங்கியிருக்கும்போது புயல் வந்தால்?

2024 ஜூலை 1 அன்று பெரில் புயல் கிரெனடாவின் காரியகு தீவைச் சிதைத்தது. 2025 அக்டோபர் 28 அன்று மெலிசா ஐந்தாம் வகைப் புயலாக ஜமைக்காவின் தென்மேற்குக் கரையைத் தாக்கியது. முன்னது பருவத் தொடக்கம், பின்னது பருவக் கடைசி; ஆகவே மேலே சொன்ன உச்ச மாதங்களை மட்டும் தவிர்த்தால் போதும் என்று எண்ண வேண்டாம். பயணக் காப்பீட்டைச் சீட்டு எடுத்த அன்றே எடுங்கள். புயலுக்குப் பெயர் சூட்டப்பட்ட பிறகு எடுக்கும் காப்பீடு பொதுவாக அந்தப் புயலுக்குப் பொருந்தாது. விடுதி வெளியேறச் சொன்னால் வாதிடாமல் கிளம்புங்கள்.

பத்து நாள் இருக்கிறது. ஒரே விடுதியா, இரண்டு தீவுகளா? டிரினிடாடையும் சேர்க்கலாமா?

இரண்டு தீவுகள் என்றால் செயின்ட் லூசியாவும் பார்படோஸும் நல்ல இணை: மலையும் எரிமலை மணலும் முதலில், அமைதியான வெண்மணல் பிறகு. தீவுகளுக்கு இடையேயான சிறு விமானங்கள் தாமதமாவதும் ரத்தாவதும் சாதாரணம். ஆகவே கடைசி இரண்டு இரவுகளையாவது ஊர் திரும்பும் பெரிய விமானம் கிளம்பும் தீவிலேயே வையுங்கள். மூன்றாவது தீவைச் சேர்த்தால் விடுமுறை விமான நிலையங்களிலேயே கரைந்துவிடும்.

டிரினிடாடைச் சேர்த்தால் ஒரு மருத்துவ விதி குறுக்கிடும். இந்தியா அதை மஞ்சள் காய்ச்சல் அபாயமுள்ள நாடாகக் கருதுகிறது. அங்கிருந்து கிளம்பி ஆறு நாட்களுக்குள் சான்றிதழ் இல்லாமல் இந்தியா வந்து இறங்கினால் தனிமைப்படுத்தப்படலாம். தடுப்பூசிச் சான்று, ஊசி போட்ட பத்து நாட்களுக்குப் பிறகே செல்லுபடியாகும். சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் இந்த ஊசி போடுகிறார்கள். முன்பதிவு நாட்களையும் கணக்கில் சேர்த்து, கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே விசாரியுங்கள்.